மாசும் எலெக்ட்ரானும்



இவ்வெள்ளி விழாவில் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பௌதிகத்தைச் சார்ந்தது. பொருள்களில் கலந்துள்ள மாசும், அணுக்களின் ஒழுங்கின்மையும் எலெக்ட்ரான்களை என்ன செய்கின்றன என்பதே அது. 'மாசு' என்னும் சொல்லை நம் சமூகம் வேறு விதமாகக் கேட்டுப் பழகியது. ஆதலின் விஞ்ஞானம் அதனை எப்பொருளில் ஆள்கிறது என்பதை நாம் தெளிதல் வேண்டும்.

நம் மலைமேல் தீபம் ஏற்றும் கொப்பரை செம்பு. வீட்டுக் குடம் பித்தளை. செம்போடு துத்தநாகம் கலந்ததே பித்தளை. சாதாரணப் பித்தளை, தூய செம்பு கடத்தும் மின்சாரத்தில் ஏறக்குறையக் கால் பங்கே கடத்தும். காரணம் யாது? எலெக்ட்ரான் அலையாகச் செல்கிறது. அணுக்கள் ஒழுங்காக நிற்கும் படிகத்தில் அவ்வலை தடையின்றிச் செல்லும் என 1928இல் பிளாக் காட்டினார். வெப்பத்தால் அணுக்கள் அதிர்ந்தாலும், வேற்றணு இடையே அமர்ந்தாலும் அது சிதறும். குளிர்வித்தால் அதிர்வு அடங்கும். மாசினால் வரும் தடை எஞ்சும்.

இத்துறையில் தமிழர் ஒருவர் முன்னோடியாக நின்றார். வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், பென்சிலில் உள்ள கிராஃபைட் என்னும் அரை உலோகத்தின் காந்த இயல்பை ஆராய்ந்தார். பின்னர் ஏ. பி. பாட்டியாவுடன் சேர்ந்து, உருகிய உலோகத்தின் ஒழுங்கின்மை எலெக்ட்ரான் அலைகளை எவ்வாறு சிதறடிக்கிறது என்பதை 1945இல் விளக்கினார். ஒழுங்கின்மை மிகுந்தால் எலெக்ட்ரான் ஓரிடத்திலேயே சிறைப்படும் என்று 1958இல் ஆண்டர்சன் காட்டினார்.

இன்று ஆராயப்படும் டோபாலஜி அரை உலோகங்களின் செய்தி வியப்புக்குரியது. வளைத்தாலும் நெளித்தாலும் மாறாத பண்புகளைக் கூறும் கணிதமே டோபாலஜி. இவ்வகையைச் சேர்ந்தது என 2015இல் கண்டறியப்பட்ட டான்டலம் ஆர்சனைடில், எலெக்ட்ரான்களின் இரு ஆற்றல் பட்டைகள் சில புள்ளிகளில் மட்டும் தொடுகின்றன. அப்புள்ளிகள் வலக்கையும் இடக்கையும் போல எதிரெதிர் வகையின. எதிர் வகைப் புள்ளியோடு கலந்தாலன்றி ஒரு புள்ளி அழியாது. ஆதலின் சிறிதளவு மாசு அதனை அழிப்பதில்லை. இவ்வினத்தைச் சேர்ந்த காட்மியம் ஆர்சனைடில், வந்த வழியே திரும்புதல் எலெக்ட்ரானுக்கு அரிதாகிறது. ஒரு சிதறலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலத்தைப் போல் 10,000 மடங்கு வரை அது முன்செல்லும் போக்கை இழக்கவில்லை என்று அளந்து கண்டனர்.

எனினும் இக்காப்புக்கு எல்லை உண்டு. மாசு மிகப் பெருகினால் அப்பொருள் சாதாரண உலோகம்போல் ஆகிவிடும். மேலும் மிகுந்தால் ஆண்டர்சன் கூறிய சிறையே நேரும்.

இங்கு நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. செம்பில் துத்தநாகம் மாசு. துத்தநாகத்தில் செம்பு மாசு. எந்த அணுவும் பிறப்பால் மாசன்று. சிலிக்கனில் மிகச் சிறிதளவு பாஸ்பரஸ் போன்ற 'மாசு' சேர்வதாலேயே டிரான்சிஸ்டர் இயங்குகிறது. எது, எவ்வளவு, என்ன விளைவு என்று அளந்த பின்னரே விஞ்ஞானி பேசுவார். மனிதர்மீது சுமத்திய தீட்டையோ எவரும் அளந்ததில்லை. அளக்க அங்கு ஒன்றுமில்லை. ஆயினும் நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் ஆதிதிராவிட மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்றது 2023 ஜனவரி 30இல்தான். அதுவும் காவலர் பாதுகாப்புடன்.

இளைஞர்களே! பௌதிகம் நமக்கு எட்டாதது என்று எவரேனும் சொன்னால், அதையும் அளந்து பாருங்கள். பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்தோர் 'ஜாம்' நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. பயிலலாம்; அங்கு நமக்கு இடஒதுக்கீடும் உண்டு. நம் சங்கத்தின் பொன்விழா மலரில் இப்பொருள் பற்றி, ஆய்வுக்கூடத்தில் தாமே அளந்து கண்ட ஒருவர் நம்மிடையேயிருந்து எழுத வேண்டும். அதற்குரிய படிப்பை இவ்வாண்டே தொடங்குங்கள்.