மல்லிகைக்கு ஒரு முழங்கால் கணக்கு

போன வாரம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் இரண்டு குண்டுமல்லிச் செடி. தோட்டக்காரர் பதினைந்து நாளைக்கு ஒருதரம் வந்து, வேலி வெட்டுகிற பெரிய கத்தரியால் பந்து மாதிரி உருட்டிவிட்டுப் போகிறாராம். இப்போது எல்லா வீட்டிலும் இதுதான் மோஸ்தர். பார்க்க லட்டு பிடித்து வைத்த மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. பூவைத்தான் காணோம். "எங்க மண்ணு ராசி, பூக்கவே மாட்டேங்குது அத்தை" என்கிறாள் அந்த வீட்டு மருமகள். மண் என்ன செய்யும், பாவம்!

மல்லி பூப்பது புதுக் கொப்பின் நுனியில். மறுபடியும் சொல்கிறேன்: புதுக் கொப்பு, அதன் நுனி. அங்கேதான் மூன்று மூன்றாக அரும்பு கட்டும். நடு அரும்பு முந்திக்கொண்டு பெருக்கும். மாதம் இரண்டு முறை நுனியைச் சீவிக்கொண்டே இருந்தால் அரும்பு எங்கே உட்காரும்?

வருடத்துக்குப் பெரிய கவாத்து ஒன்றே ஒன்று போதும். கார்த்திகை இரண்டாம் வாரம், அதாவது நவம்பர் கடைசி. தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், நம் முழங்கால் உயரம். அதற்கு மேலே இருப்பதெல்லாம் போகட்டும். பிச்சியும் முல்லையும் தை பாதிவரை பொறுத்திருக்கும். அவற்றை இன்னொரு நாள் பேசுவோம். எனக்கு மல்லிதான் முக்கியம்.

ஒரு வாரம் முன்னாடியே தண்ணீரை நிறுத்திவிடுவேன். செடி கொஞ்சம் வாடட்டும். மழை விட்ட நாளாகப் பார்த்துக் கத்தரியை எடுப்பேன். முனை மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும். மல்லிக்கு இலை எதிரெதிராக இருக்கும், கவனித்திருப்பீர்கள். அந்தக் கணுவுக்கு அரை விரற்கடை மேலே, நேராக ஒரு வெட்டு. ஒரு கொப்பு போன இடத்தில், கணுவின் இரண்டு பக்கமும் இரண்டு துளிர். நுனி இரண்டானால் அரும்புக் கொத்தும் இரண்டு. காய்ந்தது, உள்பக்கம் வளைந்தது, ஒன்றோடொன்று உரசுவது, இதையெல்லாம் அடியோடு எடுத்துவிடுவேன். மிச்சமிருக்கும் இலையையும் உருவிவிட்டு, தூரைச் சுற்றிக் கொத்தி, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம். பிறகுதான் தண்ணீர்.

சொல்ல எளிது. வெட்ட மனசு வராது. மார்கழிப் பனியில் பூ அருகிப்போய், மதுரை மாட்டுத்தாவணியில் மல்லி விலை கிலோ ஆயிரங்களில் ஏறி நிற்கும். அதற்குச் சற்று முன்னால் போயா செடியை மொட்டையடிப்பது? ஒரு வருஷம் என் மாமியார் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "பொங்கலுக்குத் தலையில என்னத்த வைக்கிறது?" சரி என்று விட்டேன். பொங்கலுக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடி. பங்குனியில் பார்த்தால் கீழே வெறும் குச்சி, எட்டாத உயரத்தில் நாலு பூ.

அடுத்த கார்த்திகையில் அவர் ஊருக்குப் போன நாளாகப் பார்த்து வெட்டினேன். திரும்பி வந்தவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "காதுகுத்துக்கு முடியிறக்குன பிள்ளை மாதிரி நிக்குது" என்றார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். பங்குனி பிறந்ததும் விடிகாலையில் மொட்டுப் பறிக்க முந்தானையை ஏந்தி முதலில் வந்து நின்றவர் அவர்தான். பறித்தது முந்தானை கொள்ளவில்லை, முறம் கேட்டார்.

ஊட்டி, கொடைக்கானல் நேயர்கள் இதைக் கேட்டு அசேலியாவை வெட்டிவிடாதீர்கள். அது போன பருவத்துக் கொப்பிலேயே மொட்டு வைத்துக் காத்திருக்கும் செடி. பூத்து ஓய்ந்ததும்தான் அதைத் தொட வேண்டும்.

நம் மல்லிக்குக் கார்த்திகை, முழங்கால் உயரம். தொட்டியில் இருந்தாலும் தயங்காமல் வெட்டுங்கள். உரத்தை மட்டும் தொட்டிக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஐப்பசிதான் நடக்கிறது. "அந்தப் பெரிய கத்தரியைப் பரணில் போடு, அடுத்த மாசம் நானே வந்து வெட்டுறேன்" என்று அந்த மருமகளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பஸ் செலவு அவளுடையது.