எந்த ஊரில், எந்தத் தெருவில்?

(சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டிக் கொழும்புக் கிளை நடத்திய ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



'புலம்பெயர் வாழ்வு' என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் கேட்டார். அது பெரிய கடல். அதில் ஒரு கையளவு நீரை மட்டும் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். வெளிநாடு போகும் நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அன்ரி, விசா வந்துவிட்டது. அங்கே எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?" இதைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் அறையெடுத்து இருந்தவள் நான். மணமான பின் வெள்ளவத்தை. பிறகு மகனுடன் சில வருடங்கள் ரொறன்ரோ. அந்த அனுபவத்தை நம்பித்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

இது புதிய கேள்வி அல்ல. எங்கள் பாட்டன்மார் கிளாக்கர் வேலைக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் கடை வைக்கவும் கொழும்புக்கு வந்தபோது, அவர்களுக்கு அதுவும் அந்நிய நகரந்தான். வீதியில் கேட்கும் மொழி வேறு, சமையல் வேறு, கடல்கூட வேறு மாதிரி இரைந்தது. அப்படி வந்தவர்கள் எங்கே குடியேறினார்கள், ஏன் அங்கே என்று பார்த்தால் எங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கொட்டாஞ்சேனையை எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் பக்கத்தில், புறக்கோட்டைக் கடைகள் நடைதூரத்தில், புதுக்கடை நீதிமன்றங்களும் கிட்ட. வேலைக்கு வந்தவன் பஸ் காசு இல்லாமல் வாழக்கூடிய இடம். பொன்னம்பலம் முதலியார் கட்டி, பின்னர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாலே திருப்பிக் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் அங்கே. 1902இல் தொடங்கிய விவேகானந்த சபை அங்கே. புனித லூசியாள் பேராலயமும், பெனடிக்ற் கல்லூரியும், நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலையும் அங்கே. யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், கொழும்புச் செட்டிகள், சிங்களக் கத்தோலிக்கர், முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே ஒழுங்கையில் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனால் பொட்டு வைத்தவர்களையும் காணலாம். நான் இருந்த அறையின் சொந்தக்காரி தமிழும் சிங்களமும் ஒரே வசனத்தில் பேசுவார். எனக்குச் சிங்களம் வந்தது வகுப்பறையில் அல்ல, அவருடைய குசினியில்.

வெள்ளவத்தை வேறு மாதிரி. கரையோர ரயில் பாதையும் காலி வீதி பஸ்ஸும் கோட்டைக் கந்தோர்களுக்கு நேரே கொண்டுபோய் விட்டன. காற்று நல்லது, பிள்ளைகளுக்குப் பாடசாலை உண்டு என்று உத்தியோகத்தர் குடும்பங்கள் வந்தன. ஒரு குடும்பம் வந்தால் அதன் அண்ணன், மச்சான், ஊரவர் என்று பின்னால் வந்தார்கள். இராமகிருஷ்ண மிஷன் வந்தது. 1942இல் கொழும்புத் தமிழ்ச் சங்கம் உருவாகி, பின்னர் 57ஆம் ஒழுங்கையில் நிலைத்தது. சைவ மங்கையர் கழகம் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையையே நடத்தியது. கழகம் நடத்தியவர்கள் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். கணவன்மார் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வந்தார்கள். அந்தப் பகுதியில் பகல் முழுதும் வாழ்ந்தவர்கள் பெண்கள். தங்களுக்கு என்ன தேவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சகோதரிகளே, இந்தக் கதையின் கசப்பான பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1958இலும் 1977இலும் 1983 ஜூலையிலும் கொழும்பில் தமிழர் வீடுகள் தாக்கப்பட்டன. 83இல் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானையும் அகதி முகாம்களாயின. கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். ஆகவே நம்மவர் நிறைய உள்ள இடத்தில் இருந்தால் பாதுகாப்பு என்று நான் யாருக்கும் உறுதி சொல்வதில்லை. அந்த நாள்களில் பலரைக் காப்பாற்றியது அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பமும் எதிர் வீட்டு முஸ்லிம் குடும்பமும் பறங்கி அயலவரும். மதிலுக்கு மேலால் பிள்ளைகளை வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். வருடக்கணக்காகப் பலகாரத் தட்டு மதிலுக்கு மேலால் போய் வந்ததால்தான் அன்றைக்குப் பிள்ளையும் போக முடிந்தது.

அதற்குப் பிறகும் சனம் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்குமே வந்தது. தொண்ணூறுகளில் கிளாலிக் கடலையும் வவுனியாப் பாஸையும் தாண்டி வந்தவர்களுக்கு லொட்ஜ் அறைதான் வீடு. பொலிஸ் பதிவு இல்லாமல் இரவு தூக்கம் வராது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அதே காலத்தில்தான் வெளிநாட்டுக் காசில் தொடர்மாடிகள் எழும்பின. மகளுக்குச் சீதனம் வெள்ளவத்தையில் ஒரு 'பிளற்' என்றாயிற்று. இன்று அந்தப் பிளற்றுகளில் எத்தனையில் ஒரு அம்மா மட்டும் தனியே இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.

இனி வெளிநாட்டுக்கு வருவோம். ரொறன்ரோவுக்குப் போன நம்மவரில் பலர் எண்பதுகளில் முதலில் இருந்தது நகர நடுவில் சென்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிக் கட்டடங்களில். பிறகு ஸ்காபுறோ, பிறகு மார்க்கம், ஏஜக்ஸ் என்று நகர்ந்தார்கள். லண்டனில் ரூட்டிங், ஈஸ்ட்ஹாம், பின்னர் வெம்பிளி, ஹரோ. விம்பிள்டன் பிள்ளையார் கோயில் 1981இலேயே வந்துவிட்டது. சிட்னியில் ஹோம்புஷ், வெஸ்ற்மீட் பக்கம். பாரிஸில் லா சப்பலில் கடைகள், வீடுகள் தூர. எங்கும் முறை ஒன்றுதான். முதலில் வேலைக்குக் கிட்டவும் வாடகை குறைவாகவும் ஓர் இடம். பிறகு கடையும் கோயிலும் உள்ள இடம். கடைசியில் சொந்த வீடு வாங்கக்கூடிய தூர இடம். அந்தக் கடைசி நகர்வில்தான் நான் ஒரு வில்லங்கத்தைக் கண்டேன். வீடு பெரிது, முற்றம் அழகு, கராஜில் இரண்டு கார். ஆனால் கார் ஓடத் தெரியாத மாமிக்கு அது அழகான சிறை. பனிக்காலத்தில் நாலு மாதம் அவர் காணும் மனித முகம் தொலைக்காட்சியில்தான். வெள்ளவத்தையில் அவர் தனியே சந்தைக்குப் போய் விலை பேசி, கோயிலில் இரண்டு பேருடன் கதைத்துவிட்டு வந்தவர்.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவைதான்.

முதலாவது, வீட்டில் அதிக நேரம் இருக்கப் போகிறவர் யார் என்று பாருங்கள். அம்மாவா, கைக்குழந்தையுடன் இருக்கும் நீங்களா? அவருடைய கால் நடைக்குள் கடை, வைத்தியர், பஸ் தரிப்பு, கதைக்க ஓர் ஆள் உண்டா? சம்பாதிப்பவர் தூரம் போய் வரலாம். வீட்டில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது, வந்தவுடன் வாங்காதீர்கள். ஆறு மாதம், முடிந்தால் ஒரு குளிர்காலம் முழுவதும் வாடகைக்கு இருந்து பாருங்கள். பகலில் பார்த்த தெருவை இரவு எட்டு மணிக்கும் பாருங்கள். பஸ்ஸால் இறங்கித் தனியே நடந்து வாருங்கள். புரோக்கர் காரில் காட்டும் தெருவும் நீங்கள் நடக்கும் தெருவும் ஒன்றல்ல.

மூன்றாவது, பாடசாலையின் பெயரை மட்டும் கேட்டு ஓடாதீர்கள். அந்தப் பெயருக்காகச் சம்பளத்தில் பாதியை வாடகையாகக் கொடுத்து, பெற்றோர் இரண்டு வேலை செய்து, பிள்ளை பூட்டிய வீட்டுக்குத் தனியே வருவதில் என்ன இலாபம்?

நான்காவது, நம்மவர் கடையும் கோயிலும் அரைமணி நேரத்துக்குள் இருக்கட்டும். அது மனதுக்கு மருந்து. ஆனால் நம்மவர் கண் படாத ஒரு சிறு தூரமும் சில பெண்களுக்குத் தேவை. கணவனைப் பிரிந்தவர், விதவை, தன் விருப்பப்படி படிக்கும் பெண், இவர்களுக்குச் சனத்தின் வாய் சில நேரம் குளிரை விடக் கொடிது. அவர்கள் தூரப் போனால் குறை சொல்லாதீர்கள்.

ஐந்தாவது, போன முதல் வாரமே இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிப் பெயர் சொல்லுங்கள். வடையோ கேக்கோ கொண்டு போங்கள். மதிலுக்கு மேலால் நீண்ட கைகளின் கதையை அதற்காகத்தான் சொன்னேன்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோ, லண்டன், சிட்னி, மெல்பேண் என்று நமக்கு எங்கும் பழைய மாணவிகள் உண்டு. ஒவ்வொரு கிளையும் ஓர் அக்காவை நியமிக்கட்டும். புதிதாக வரும் தங்கை வீடு பார்க்கும்போது அவருடன் ஒரு சனிக்கிழமை கூட நடப்பதே அந்த அக்காவின் வேலை. அதேபோல் கொழும்புக் கிளை, தொடர்மாடிகளில் தனித்திருக்கும் நம் மூத்த அக்காமாரின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கட்டும். கிழமைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, மாதத்துக்கு ஒரு முறை நேரில் போய் ஒரு தேநீர். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. விடுதியில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. கேட்டவுடன் பெயர் கொடுக்க விரும்புபவர்கள் தேநீர் இடைவேளையில் செயலாளரிடம் கொடுங்கள். முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நம் கல்லூரி அன்னை நூறாண்டு கடந்தும் வாழ்க.