எபிசோட் எழுத்து வடிவம்: ஸ்விஃப்ட்டைக் கொடுத்துட்டு வெர்னா டர்போ வாங்கலாமா?

சம்பளத்தைப் பத்திப் பேசின எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகள்ல பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, கார் மாத்தலாம்னு இருக்கேன், தாங்குமா?" நான் பதில் போடாம இருந்ததுக்குக் காரணம், அதே கேள்வியோட நானே ரெண்டு மாசமா சுத்திக்கிட்டு இருந்தேன். அதனால இன்னிக்கு பொதுவா எதுவும் பேசப் போறதில்லை. என் எக்செல் ஷீட்டை அப்படியே திறந்து காட்டறேன்.

என்கிட்ட இருக்கறது 2018 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல். 2022-ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. வீடு காஞ்சிபுரத்துல பிள்ளையார்பாளையம், ஆபீஸ் போரூர் பக்கம். ஒரு வழி 62 கிலோமீட்டர், வாரத்துக்கு மூணு நாள். ஊருக்குள்ள சுத்தறது, கல்யாணம் காதுகுத்து எல்லாம் சேர்த்தா மாசம் 1,800 கிலோமீட்டர் ஓடுது. வருஷத்துக்கு 21,600. இந்த நம்பரை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, மத்த எல்லாமே இதுமேலதான் நிக்குது.

வாங்க ஆசைப்பட்டது ஹூண்டாய் வெர்னா 1.5 டர்போ, ஏழு கியர் டிசிடி. 2023 மார்ச்ல வந்த மாடல். 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த டார்க் 1,500 ஆர்பிஎம்ல இருந்தே கிடைக்கும். என் ஸ்விஃப்ட்ல 83 பிஎஸ், 113 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,200 ஆர்பிஎம் வரைக்கும் இன்ஜினைக் கத்த விட்டாதான். இதுல இன்னொரு விஷயம், இந்தக் கார் தயாராகற இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரியை நான் வாரத்துக்கு ஆறு தடவை கடந்து போறேன். புது வண்டிகளை ஏத்திக்கிட்டு ட்ரெய்லர் லாரி வெளியே வரும்போதெல்லாம் கண்ணு அங்கதான் போகும்.

டெஸ்ட் டிரைவ் போனேன். சுங்குவார்சத்திரம் பக்கத்துல முன்னாடி ஒரு கன்டெய்னர் லாரி. ஸ்விஃப்ட்டா இருந்தா மூணாவது கியருக்கு இறக்கி, ஏசியை ஆஃப் பண்ணலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சு, மனசுக்குள்ள ஒரு சின்ன பிரார்த்தனை பண்ணிட்டுத்தான் ஓவர்டேக். இதுல வலது காலைக் கொஞ்சம் அழுத்தினேன், அவ்வளவுதான். லாரி கண்ணாடியில பின்னாடி இருந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த சேல்ஸ் தம்பி சிரிச்சார். நானும் சிரிச்சேன். அந்த நாலு செகண்டுக்கு எவ்வளவு குடுக்கலாம்னுதான் இந்த மொத்த எபிசோடும்.

கொட்டேஷன் வந்துச்சு. எக்ஸ்-ஷோரூம் சுமார் 17 லட்சம். 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாறினப்போ இந்த சைஸ் கார்களுக்கு வரி 45-ல இருந்து 40 சதவீதம் ஆச்சு. சந்தோஷப்பட்டேன். ஆனா தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ் இருக்கே, 2023 நவம்பர்ல இருந்து 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம். 17 லட்சத்துக்கு 3 லட்சத்து 6 ஆயிரம். வண்டியை அப்புறம் வித்தாலும் இந்தக் காசு தனியா திரும்பி வராது. 10 லட்சத்துக்கு மேல போற வண்டிங்கறதால ஒரு சதவீதம் டிசிஎஸ் வேற பிடிப்பாங்க. அதை ஐடி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், மறந்துடாதீங்க. இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்-ரோடு 21 லட்சம்னு வந்து நின்னுச்சு.

ஸ்விஃப்ட்டுக்கு எக்ஸ்சேஞ்ச்ல மூன்றரை லட்சம் சொன்னாங்க. நான் நாலரை எதிர்பார்த்தேன். சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமா இறங்கினதால புது ஸ்விஃப்ட் விலை குறைஞ்சது. புதுசு குறைஞ்சா பழசும் குறையத்தானே செய்யும். ஒரே வரிக் குறைப்பு, வாங்கற பக்கம் கொஞ்சம் குடுத்து விக்கற பக்கம் எடுத்துக்குச்சு.

சரி, ஓட்டற செலவு. எல்லாரும் முதல்ல கேக்கறது மைலேஜ்தான். ஸ்விஃப்ட் எனக்கு 18 குடுக்குது. வெர்னா டர்போ நான் ஓட்டற மாதிரி ஓட்டினா 14-னு வச்சேன். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய்னு போட்டேன். அப்போ ஸ்விஃப்ட்டுக்கு வருஷம் 1,21,200; வெர்னாவுக்கு 1,55,800. வித்தியாசம் மாசத்துக்கு மூவாயிரத்துக்கும் கீழே. ஒரு நல்ல ட்ரீட் செலவு. டர்போ வாங்கினா பெட்ரோல் பங்குக்குத்தான் சம்பாதிக்கணும்னு பயமுறுத்தற சொந்தக்காரங்ககிட்ட இதைச் சொல்லலாம். ஒரே ஒரு நிபந்தனை, அந்த நாலு செகண்ட் சுகத்தை தினமும் நாப்பது தடவை தேடினா 14 கிடைக்காது, 11தான் கிடைக்கும். அப்போ பெட்ரோல் ரெண்டு லட்சத்தைத் தொடும்.

டயர் கணக்கை யாரும் போடறதே இல்லை. ஸ்விஃப்ட்ல 14 இன்ச், நாலு டயருக்கு 18,000, எனக்கு 45,000 கிலோமீட்டர் வருது. வெர்னா டர்போவுக்கு 205/55 ஆர்16. நான் விசாரிச்ச வரைக்கும் நல்லதா போட்டா 36,000, ஓட்டம் 40,000 கிலோமீட்டர்னு வச்சேன். கிலோமீட்டருக்கு 40 பைசா எங்கே, 90 பைசா எங்கே. வருஷத்துக்கு 10,800 ரூபாய் கூடுதல்.

சர்வீஸ் பெரிய வித்தியாசம் இல்லை. வெர்னாவுக்கு 15,000 வச்சேன். ஸ்விஃப்ட் பழசுங்கறதால சஸ்பென்ஷன், ஏசின்னு ஏதாவது வரும், அதுக்கு 25,000. டோல் ரெண்டுக்கும் ஒண்ணுதான். 2025 ஆகஸ்ட் 15-ல வருஷ பாஸ் வந்தப்போ 3,000 ரூபாய்க்கு 200 தடவை, என்னை மாதிரி ஆளுக்கு லாட்டரி. ஆனா பாஸ் வண்டி நம்பரோட சேர்ந்தது, காரை மாத்தினா கூட வராது.

இன்சூரன்ஸ்ல ஒரு ஆச்சரியம். தேர்ட் பார்ட்டி பிரீமியம் சிசியை வச்சுத்தான். ஸ்விஃப்ட் 1,197 சிசி, வெர்னா 1,482 சிசி, ரெண்டும் 1,000-ல இருந்து 1,500 ஸ்லாப், ஒரே 3,416 ரூபாய். பவர் ரெண்டு மடங்காகுது, அது மாறல. அடி விழறது ஓன் டேமேஜ்ல. அது வண்டியோட ஐடிவியை வச்சு வருது. எனக்கு இப்போ மொத்தமே 9,000 ஆகுது. வெர்னாவுக்கு அஞ்சு வருஷ சராசரியா 42,000 போட்டேன். இங்கே ஒரு டிப். நோ க்ளெய்ம் போனஸ் காருக்குச் சொந்தம் இல்லை, உங்களுக்குச் சொந்தம். எனக்கு 35 சதவீதம் சேர்ந்திருக்கு. பழைய வண்டியை விக்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட ரிட்டென்ஷன் லெட்டர் வாங்கிட்டா புது வண்டியோட ஓன் டேமேஜ்ல கழிச்சுக்கலாம். லெட்டர் மூணு வருஷம் செல்லும். அன்னிக்குக் கொட்டேஷன் குடுத்தவங்க இதைப் பத்தி வாயைத் திறக்கல, நான் கேட்டப்புறம்தான் பிரீமியம் இறங்குச்சு.

பெட்ரோல், டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் கூட்டினா வெர்னா வருஷம் 2,32,200, ஸ்விஃப்ட் 1,63,800. மாசத்துக்கு 5,700 ரூபாய்தான் வித்தியாசம். இங்கேயே ஷீட்டை மூடியிருந்தா அன்னிக்கே புக் பண்ணியிருப்பேன். உண்மையைச் சொல்லணும்னா மூடிட்டேன். ஒரு வாரம் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். என்ன கலர்னுகூட முடிவு பண்ணிட்டேன்.

அப்புறம்தான் மீதி ரெண்டு வரியைச் சேர்த்தேன். 21 லட்சம் வண்டி அஞ்சு வருஷம் கழிச்சு 9 லட்சத்துக்குப் போனா வருஷத்துக்கு 2,40,000 தேய்மானம். ஸ்விஃப்ட் ஏற்கனவே தேய வேண்டியதெல்லாம் தேஞ்சாச்சு, வருஷம் 30,000. லோன் 14 லட்சம், 9 சதவீதம், அஞ்சு வருஷம்: ஈஎம்ஐ 29,000-க்கு மேல, அதுல வட்டி மட்டும் வருஷத்துக்கு சராசரியா 68,700. எல்லாம் சேர்த்து 21,600-ஆல வகுத்தா ஸ்விஃப்ட் கிலோமீட்டருக்கு 9 ரூபாய், வெர்னா 25 ரூபாய். ஒரு நாள் ஆபீஸ் போய்ட்டு வர 1,116 எங்கே, 3,100 எங்கே. ரன்னிங் காஸ்ட்னு நாம சொல்றது பம்பு முன்னாடி கையில இருந்து போற காசு. பெரிய செலவு வண்டி நிக்கும்போதுகூட ஓடிக்கிட்டே இருக்கு.

அப்பா தறிக்காரர். முப்பத்தஞ்சு வருஷமா நெய்யறார். எங்க வீட்டு முன் அறை முழுக்க தறிதான், அதனால கார் தெருமுனையில வாடகை ஷெட்ல நிக்குது. வெர்னா ஸ்விஃப்ட்டை விட கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர் நீளம், ஷெட்டுக்குள்ள போகாது. அதைச் சொல்லத்தான் அப்பாகிட்ட போனேன். பேச்சு வாக்குல ஷீட்டையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் பார்த்தார். கணக்குல அவர் என்னை விட கெட்டி.

"இந்த இருபத்தொன்பதாயிரம், அஞ்சு வருஷத்துக்கா?"

"ஆமாம்பா."

"சரிப்பா. அப்போ இந்தப் பாவோட நிறுத்திக்கறேன்னு சங்கத்துல சொல்லி வச்சிருக்கேன். அடுத்த பாவும் வாங்கிக்கறேன்னு சொல்லிடறேன்."

கோவமா சொல்லல. குத்திக் காட்டவும் இல்லை. ஷெட் பத்திப் பேசற அதே குரல். சொல்லிட்டுப் போய் தறியில உக்காந்துட்டார்.

பொங்கலுக்கு நான்தான் அவர்கிட்ட சொன்னேன். முட்டி வலிக்குது, சாயங்காலம் ஆனா ஜரிகை இழை கண்ணுக்குத் தெரியல, இந்த வருஷத்தோட விட்டுடுங்கப்பா, மாசம் 20,000 நான் தரேன்னு. சத்தியமா மனசாரத்தான் சொன்னேன். ஆனா ஷீட்ல பெட்ரோலுக்கு வரி இருக்கு, டயருக்கு வரி இருக்கு, பாஸுக்குக்கூட வரி இருக்கு. அந்த 20,000-க்கு வரியே இல்லை. அதை நான் மறைக்கல. மறந்துட்டேன். எது மோசம்னு எனக்கு இன்னும் தெரியல.

அன்னிக்கு ராத்திரி அந்த வரியைச் சேர்த்தேன். கையில வர்ற சம்பளம் 84,000. ஈஎம்ஐ 29,000, ஓட்டற செலவு 19,350, அப்பாவுக்கு 20,000, வீட்டுக்கு 15,000. மீதி 650 ரூபாய். ஒரு டயர் வெடிச்சாலோ, யாராவது தலைதீபாவளிக்குக் கூப்பிட்டாலோ கதை முடிஞ்சது.

நடுவுல ஒரு வழி இருக்கு, அதையும் சொல்லிடறேன். 2023 மாடல் வெர்னா டர்போ செகண்ட் ஹேண்ட்ல பன்னிரண்டரை லட்சம்னு வச்சுக்குவோம். ரோடு டாக்ஸ் முதல் ஆள் கட்டிட்டார், செங்குத்தான தேய்மானத்தையும் அவரே தாங்கிட்டார். 7 லட்சம் லோன், பழைய வண்டிக்கு வட்டி அதிகம், 12 சதவீதம்னே போட்டாலும் ஈஎம்ஐ 15,600. கிலோமீட்டருக்கு 19 ரூபாய் வருது. அப்பாவோட 20,000 போக மாசம் 14,000-க்கு மேல மிஞ்சும். பயம் ஒண்ணுதான், கம்பெனி வாரன்டி மூணு வருஷம், அது முடிஞ்சிருக்கும். எக்ஸ்டெண்டட் வாரன்டி போட்ட வண்டியா கிடைச்சா மட்டும் பார்ப்பேன். முகூர்த்த சீசன்ல புடவைக் கூட்டம் அடைச்சு நிக்கற காந்தி ரோட்டுல ஊர்ந்து ஊர்ந்து போறதுக்கு டிரை கிளட்ச் டிசிடி ரொம்ப ஆசைப்படாது. அதனால மேனுவலையே தேடறேன்.

அப்புறம் அந்த நாலு செகண்ட். இருங்காட்டுக்கோட்டையிலயே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட ட்ராக் இருக்கு, 3.7 கிலோமீட்டர். 160 பிஎஸ்ஸை முழுசா மிதிக்கணும்னா எங்க பக்கத்துல அதுதான் இடம். ஆறு வழிச்சாலை வேலை வருஷக்கணக்கா இழுக்கற, டைவர்ஷனும் லாரியுமா இருக்கற என் ரோட்டுல, டெஸ்ட் டிரைவ்ல கிடைச்ச மாதிரி காலி ரோடு எத்தனை நாள் கிடைக்கும்னு ரெண்டு வாரம் எண்ணிப் பார்த்தேன். ஆறு நாள் ஆபீஸ், பன்னெண்டு ட்ரிப். மூணே தடவை.

சேல்ஸ் தம்பிக்கு போன் பண்ணி, இப்போதைக்கு இல்லைன்னு சொல்லிட்டேன். மாசக் கடைசி ஆஃபர் போயிடும் சார்னார். போகட்டும்னேன், ஆனா அன்னிக்கு முழுக்க மூட் அவுட்தான், பொய் சொல்லல. போன சனிக்கிழமை ஸ்விஃப்ட்டுக்கு நாலு டயரும் புதுசு போட்டேன், அலைன்மென்ட்டோட 18,900. அப்பாவோட பாவுல இன்னும் ஒரு புடவை பாக்கி இருக்கு.

உங்க ஷீட் இருந்தா அனுப்புங்க, கார் பேரை மறைச்சுட்டு அடுத்த எபிசோட்ல வாசிக்கறேன். வீட்டுக்குக் குடுக்கற காசுக்கும் ஒரு வரி போட்டு அனுப்புங்க.