சோலைக்கிளி
(தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



பெரட்டுக்குப் புறப்படும் இருள் நீங்காத வேளையில் பறவைகளின் குரலை நாள்தோறும் கேட்பவர்கள் நீங்கள். ஆயினும், தமிழ்ப் பெயரால் உலகம் அழைக்கும் ஒரு சிறு பறவையைப் பற்றி உங்களுள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதன் பெயர் சோலைக்கிளி.

பெயரைக் கேட்டுப் பச்சைக்கிளி என்று எண்ணிவிட வேண்டாம். மலையாளத்தில் கிளி என்பது எந்தச் சிறு பறவையையும் குறிக்கும். இதுவோ கருநீல நிறமுடைய, சிட்டுக்குருவியை ஒத்த அளவுள்ள பறவை. தமிழகத்தின் நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகிய உயர்ந்த மலைகளின் மடிப்புகளில், நீரோடையை ஒட்டி அடர்ந்து நிற்கும் ஈரக்காட்டைச் சோலை என்பர். அந்த நிழலின் தரையில், சருகுகளுக்கிடையே புழு பூச்சிகளைத் தேடி இப்பறவை வாழ்கிறது. மரப்பொந்திலோ மண்கரைப் பொந்திலோ பாசியால் கூடமைத்து, பெரும்பாலும் இரண்டே முட்டைகள் இடும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், நீலகிரிப் பறவையை ஜெர்டன் என்ற ஆங்கில மருத்துவர் அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தினார். வெண்வயிற்றையுடைய மற்றொன்றுக்கு 1868-இல் பிளான்ஃபோர்டு பெயரிட்டார். நமது கேமரன் மலையில் தரையோடு தரையாக ஒதுங்கி வாழும் குட்டைச் சிறகுக் குருவிக்கு இவை உறவு என்றே நெடுங்காலம் கருதினர். தோற்றத்தைக் கண்டு உறவு சொல்வதில் அறிஞரும் ஏமாறுவதுண்டு! 2017-இல் இந்திய ஆராய்ச்சியாளர் வி. வி. ராபினும் அவர்தம் குழுவினரும் மரபணுவை ஆராய்ந்து, இவை வேறொரு தனி இனம் எனக் கண்டு, 'ஷோலிகோலா', அதாவது சோலையில் உறைவது, என்று பெயர் சூட்டினர்.

அதே ஆய்வில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. இப்பறவை தாழ்ந்த வெப்பநிலத்தைக் கடந்து பறப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு வகை. தெற்கே ஒரு வகை. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில், அதுவரை பெயரே பெறாதிருந்த மூன்றாவது வகை. ஒரு மலையில் அது அழிந்தால், அடுத்த மலையிலிருந்து பறந்து வந்து அவ்விடத்தை நிரப்பப் பறவை இல்லை.

அழிவுக்குக் காரணமும் கூறவேண்டும். ஆங்கிலேயர் காலந்தொட்டு, சோலையும் புல்வெளியும் இருந்த இடங்களில் தேயிலையும் கற்பூர மரமும் சீகை மரமும் நடப்பட்டன. தேயிலையும் ரப்பரும் நம் முன்னோர்க்குச் சோறிட்டவை. அவற்றைப் பழிக்க நான் வரவில்லை. ஆயினும் சோலைகள் துண்டு துண்டாயின. இன்று நீலகிரிச் சோலைக்கிளி அழியும் நிலையிலுள்ள பறவைகளின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

சிரம்பானை அடுத்து 1,193 மீட்டர் உயரத்தில் நிற்கும் தெலாபாக் புருக் மலையை நீங்கள் அறிவீர்கள். மேகம் படியும் அத்தகைய மலைக்காடுகளில் சிறு பறவைகள் கண்ணுக்குத் தென்படுவது அரிது. சோலைக்கிளியும் அப்படித்தான். அதைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அதன் மெல்லிய சீழ்க்கை ஒலியைக் கேட்டுவிட்டே திரும்புகின்றனர்.