கடல் ஏறுவதும் வற்றுவதும் எதனால்?

(அரியாங்குப்பத்தில் பேசியதின் சாரம்)



இன்று நம்மைக் கடலைப்பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். அரியாங்குப்பத்தில் வந்து கடலைப்பற்றிப் பேசுவதென்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றதேயாகும். வீராம்பட்டினத்துப் பெரியவர்களுக்குக் கடலைப்பற்றித் தெரிந்திருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட நமக்குத் தெரியாது. தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும், எந்த வேளையில் படகை வெளியே விட்டால் அடி தட்டாது என்பதெல்லாம் அவர்கள் பிழைப்போடு சேர்ந்த பாடம். அதிலும் நமது ஆற்றின் முகத்துவாரம் அடிக்கடி மணல் தூர்ந்து போகிறது. ஏற்றத்தில் வந்த படகு துறைக்கு வரும். வற்றத்தில் வந்த படகு மணலில் தட்டும். ஆகையால் நாம் அவர்களுக்குக் கடலைக் கற்பிக்க வரவில்லை. அவர்கள் கண்ணால் கண்டு வரும் ஒரு சங்கதிக்குக் காரணம் என்ன என்பதையும், அதற்குச் சொல்லப்பட்டு வரும் பொய்க் காரணங்களின் யோக்கியதை என்ன என்பதையும் மாத்திரம் சொல்லுகிறோம்.

பவுர்ணமியிலும் அமாவாசையிலும் கடல் அதிகமாய் ஏறும், அஷ்டமியை ஒட்டி ஏற்றம் குறையும் என்று செம்படவத் தோழர்கள் சொல்லுகிறார்கள். இது முழுதும் உண்மை. சந்திரனுக்கும் கடலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் என்ன சம்பந்தம் என்று கேட்டால்தான் புராணக்காரர் குறுக்கே வந்து விடுகிறார். பாற்கடலைக் கடைந்தபோது சந்திரன் பிறந்தானாம். ஆகவே கடல் தகப்பன், சந்திரன் பிள்ளையாம். பவுர்ணமியன்று பிள்ளையின் முழு முகத்தைப் பார்த்ததும் தகப்பனுக்குப் பூரிப்புப் பொங்குகிறதாம்!

சரி, அப்படியே இருக்கட்டும். அமாவாசையன்று பிள்ளையின் முகம் துளிகூடத் தெரிவதில்லையே, அன்றைக்கும் தகப்பன் ஏன் பொங்குகிறான்? அன்றியும், ஏற்றம் நாளொன்றுக்கு ஒரு தரமா வருகிறது? இரண்டு தரமல்லவா வருகிறது? சந்திரன் தலைக்குமேல் இருக்கும்போது ஒன்று என்றால், சுமார் பன்னிரண்டரை மணி நேரங்கழித்து, சந்திரன் நம் காலுக்குக் கீழே பூமியின் அந்தப் பக்கத்தில் இருக்கும்போது மற்றொன்று எதற்காக? இந்தக் கேள்வியைக் கேட்க வேதம் படித்திருக்க வேண்டியதில்லை. கரையில் நின்று இரண்டு ஏற்றங்களை எண்ணத் தெரிந்தால் போதும்.

இன்னொரு புராணம், கடலுக்குள் பெண் குதிரை முகமுள்ள ஒரு நெருப்பு இருந்துகொண்டு தண்ணீரைக் குடித்து வருவதால்தான் கடல் கரையைத் தாண்டுவதில்லை என்கிறது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலையில் அந்தக் குதிரை எங்கே மேயப் போயிருந்தது என்று நாம் கேட்கிறோம்.

நிற்க, உண்மையான காரணத்திற்கு வருவோம். பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன என்றும், தூரம் கூடக்கூட அந்த இழுப்புக் குறைகிறது என்றும் நியூட்டன் 1687-ல் வெளியிட்ட புத்தகத்தில் கணக்குப்போட்டுக் காட்டினார். சந்திரன் நமக்குச் சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் மைல் தூரத்திலிருக்கிறது. பூமியின் குறுக்களவோ சுமார் 8 ஆயிரம் மைல். ஆகவே சந்திரனைப் பார்த்திருக்கும் பக்கத்துக் கடலை அது கொஞ்சம் அதிகமாகவும், பூமியின் நடுவை அதைவிடக் குறைவாகவும், அந்தப் பக்கத்துக் கடலை இன்னும் குறைவாகவும் இழுக்கிறது.

மூன்று பேர் வரிசையாய் ஒரே திசையில் ஓடுவதாக வைத்துக் கொள்ளுங்கள். முன்னவன் வேகமாகவும், நடுவன் அதற்குக் குறைவாகவும், கடைசி ஆள் எல்லோரையும்விட மெதுவாகவும் ஓடுகிறார்கள். நடுவன் கண்ணுக்கு எப்படித் தோன்றும்? முன்னவன் முன்னே விலகுவான். பின்னவன் பின்னே விலகுவான். கடலும் இப்படித்தான் சந்திரன் இருக்கும் பக்கத்தில் ஒரு மேடும், அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு மேடுமாக இரண்டு மேடாகிறது. பூமி சுழலும்போது நமது கரை இரண்டு மேட்டையும் தாண்டுவதால் இரண்டு ஏற்றம். அதற்குள் சந்திரனும் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்து விடுவதால், மறுநாள் ஏற்றம் சுமார் 50 நிமிஷம் பிந்தி வருகிறது. நிலமும் கடலின் ஆழமும் குறுக்கே இருப்பதால் சந்திரன் உச்சிக்கு வந்த அதே நிமிஷத்தில் எல்லாக் கரையிலும் ஏற்றம் வந்துவிடாது. ஊருக்கு ஊர் முன்பின்னாகும்.

சூரியனுக்கு இதில் பங்கில்லையா என்றால், உண்டு. சூரியன் சந்திரனைவிட 2 கோடியே 70 லட்சம் மடங்கு கனமானது. ஆனால் சுமார் 390 மடங்கு தூரத்திலிருப்பதால் கடலை ஏற்றும் வேலையில் சந்திரனுடைய பலத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவுதான். அமாவாசையிலும் பவுர்ணமியிலும் சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் ஒரே கோட்டில் நிற்பதால் இரண்டு இழுப்பும் சேர்ந்து கொள்ளுகின்றன. அஷ்டமியில் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்பதால் ஏற்றம் இளைக்கிறது. இதில் பூரிப்பு எங்கே, புத்திரபாசம் எங்கே?

பெரிய பேர்வழி சொன்னார் என்பதற்காக நாம் எதையும் நம்பச் சொல்லவில்லை. கலிலியோ எவ்வளவு பெரிய அறிவாளி! அவரே 1632-ல் எழுதிய புத்தகத்தில், பூமியின் அசைவால்தான் கடல் ஏறி வற்றுகிறது என்று வாதாடி, சந்திரனைக் காரணமாகச் சொன்ன கெப்ளரைக் குறை கூறினார். கலிலியோ சொன்னதாயிற்றே என்று அதை உலகம் வேதமாக்கிக் கொள்ளவில்லை. நாளுக்கு இரண்டு ஏற்றம் வருவதற்கு அவர் கணக்கு ஒத்துவராததால் தள்ளிவிட்டது. அறிவுக்கும் மதத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இனி, நமது கரையில் இந்த ஏற்றம் எவ்வளவு? பெரும்பாலும் மூன்றடிக்குள்தான். அதே சந்திரன்தான் குஜராத்தில் பாவநகர்ப் பக்கத்துக் கடலை முப்பதடிக்கு மேல் ஏற்றுகிறது. அங்கே வளைகுடா புனல் மாதிரி போகப்போகக் குறுகுவதால் தண்ணீருக்கு மேலே எழுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஊர்க்காரர் அதிகப் பாவம் செய்தவர்களுமல்ல, நாம் அதிகப் புண்ணியம் செய்தவர்களுமல்ல.

இந்த மூன்றடிக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு 2004-ஐ யோசியுங்கள். அன்றைக்குப் பவுர்ணமியாயிருந்தது வாஸ்தவம். அதனாலேயே பவுர்ணமி வந்தால் சுனாமி வருமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சந்திரன் கொஞ்சம் பெரிதாய்த் தெரிந்தாலே பரிகாரச் சீட்டு எழுத ஆளும் வந்துவிடுகிறது. வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பவுர்ணமி வருகிறதே, மற்றவற்றிலெல்லாம் ஏன் வரவில்லை? சுமத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி வெடித்து நகர்ந்ததால் கிளம்பிய அலை அது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் நமது கரைக்கு வந்தது. அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு சேதி வந்திருந்தால் எத்தனையோ தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போயிருப்பார்கள். பரிகாரம் செய்யாததால் யாரும் சாகவில்லை. சேதி சொல்லுவாரில்லாததால் செத்தார்கள். 2007-ல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. உங்கள் குப்பத்தில் அந்தச் சேதி யாருக்கு வரும், இரவு இரண்டு மணிக்கு வந்தால் யார் வீடு வீடாகக் கதவைத் தட்டுவது என்று இன்றைக்கே பேசி வைத்துக் கொள்ளுங்கள்.

கடல் ஏற்றத்தைப் பல வருஷத்துக்கு முன்கூட்டியே கணக்கிடலாம். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 1879-ல் லண்டனில் ஓர் இயந்திரம் செய்தார்கள். இன்றும் இந்திய நில அளவைத் துறை வருஷந்தோறும் ஏற்ற வற்ற அட்டவணை அச்சிடுகிறது. “பஞ்சாங்கக்காரரும் அமாவாசையைச் சரியாகத்தானே சொல்லுகிறார்?” என்று ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஆம், அது கணக்கு. கணக்கை நாம் குறை சொல்லவில்லை. அந்தக் கணக்கின் வாலில் நல்ல நேரம், கெட்ட நேரம் என்று கட்டி விடுகிறாரே, அதற்குத்தான் காசு கொடுக்க வேண்டாமென்கிறோம்.

குளத்துத் தண்ணீர் ஏன் ஏறுவதில்லை என்று இன்னொரு சீட்டு. நல்ல கேள்வி. குளத்தின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சந்திரனிலிருந்து தூர வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். எல்லாத் தண்ணீரையும் ஒரே மாதிரி இழுத்தால் மேடு ஏது?

நாம் சொல்வதையும் நம்பிவிடாதீர்கள். ஆற்றோரத்தில் ஒரு கழியை நட்டு, தண்ணீர் உச்சிக்கு ஏறிய இடத்தில் கரியால் கோடு போட்டு, மணியையும் குறித்து வையுங்கள். இன்று காலை 6 மணிக்கு என்றால் நாளை ஏறக்குறைய 6-50-க்கு வரும். ஒரு பவுர்ணமியிலிருந்து அடுத்த அமாவாசை வரையில் விடாமல் குறித்து வாருங்கள். முகத்துவாரம் தூர்ந்திருக்கும் நாட்களில் ஆற்றில் சரியாகத் தெரியாது. அப்போது வெளியே அலைத்தடுப்புக் கல்லில், அலை ஓய்ந்த வேளை பார்த்துக் கோடு போட்டுக் கொள்ளுங்கள்.