முதியோர் எழுதும் தினக்குறிப்பு

(குருசுக்குப்பத்தில் நடைபெற்ற நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எழுத்தைத் தொழிலாகக் கொள்ளாது, பொழுது சாய்ந்தபின் விருப்பம் ஒன்றே பற்றி எழுதுவோர் ஊர்தோறும் சிலர் உளர். அவர் பெரும்பாலும் முதியோர். திண்ணையில் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்து அணிந்து, அன்று கண்டதையும் கேட்டதையும் ஒரு பழைய நோட்டில் குறித்து வைப்பர். வீட்டார் அதனை ஒரு பொழுதுபோக்கென்பர். எம்போன்ற தமிழாசிரியரோ அதனைத் தமிழென்றே ஒப்புக்கொள்ளார். இவ்விருவர் கருத்தும் பிழையென்பதே யாம் இன்று கூற வந்தது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை அவர்களே சான்றாவார். 1709-ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூரிற் பிறந்து, தந்தையார் திருவேங்கடம் பிள்ளையுடன் இவ்வூர்க்கு வந்து, வாணிகத்தில் ஓங்கி, ஆளுநர் துய்ப்ளே காலத்தில் தலைமைத் துபாசியாக விளங்கினார். 1736-ஆம் ஆண்டு தொடங்கி 1761-ஆம் ஆண்டு தாம் மறையும் வரையில், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு, தினப்படிச் சேதிக்குறிப்பு எழுதினார். துறைக்கு வந்த கப்பல், துறைவிட்டுப் போன கப்பல், சரக்கு, வழக்கு, ஊர்ப்பேச்சு, குடும்பத்து நன்மை தீமை ஆகிய யாவும் அதில் உள. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும், 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும் உடனிருந்தார் கூற்றாகவே நமக்குக் கிடைக்கின்றன.

அவர் புலவர்க்கென எழுதினாரல்லர். தெலுங்கும் பாரசீகமும் போர்த்துகேசியமும் பிரெஞ்சும் கலந்த அக்காலத்துப் புதுச்சேரிப் பேச்சிலேயே எழுதினார். எழுத்துப் பிழையும் சந்திப் பிழையும் காண விரும்புவார்க்கு அவை ஏராளம். அக்கையெழுத்துச் சுவடிகள் அவர் மறைந்தபின் எண்பத்தைந்து ஆண்டளவும் அச்சேறாது கிடந்து, 1846-இல் கலுவா-மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டு படியெடுப்பித்தமையால் உலகறிய வந்தன. 1904 முதல் 1928 வரையில் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன. தமிழ் மூலம் புதுச்சேரியில் தொகுதியாக அச்சேறத் தொடங்கியதோ 1948-இல். தமிழர் தமிழில் எழுதியது பிறமொழியில் நாற்பத்துநான்கு ஆண்டு முன்னரே நூலாயிற்று! நம் வீட்டுப் பொருளின் அருமையை அயலார் காட்டிய பின்னரே நாம் காண்கின்றோம். இஃது அன்றைய குறை மட்டுமன்று. இன்றைய குறையும் அதுவே. இதனை எம் பிழை ஒன்றினாலேயே விளக்குவோம்.

நம் குப்பத்தில் முதியவர் ஒருவர் இருந்தார். இளமையிற் கட்டுமரம் ஏறியவர். பின்னர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாடோறும் மாலையில் நான்கு வரியேனும் எழுதாமல் உண்ணமாட்டார். அவற்றிற் சிலவற்றை நம் இதழில் வெளியிடலாமென்று கேட்டபோது, மூன்று நோட்டுகளை எம்மிடம் தந்து, “பிழை இருந்தால் பார்த்துக் கொடுங்க” என்றார். யாமும் சிவப்பு மை கொண்டு திருத்தத் தொடங்கினோம்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் விடியலில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது யாவரும் அறிந்ததே. அந்நாளைக் குறித்து அவர், முதலில் வாடைக்கொண்டல் அடித்ததென்றும், பின்னர் அது திரும்பிக் கொண்டலாயிற்றென்றும், எந்நேரத்தில் திரும்பிற்றென்றும், எவர் மரம் எங்கே ஒதுங்கிற்றென்றும் எழுதியிருந்தார். யாம் அவற்றையெல்லாம் அடித்துவிட்டு, “கடும்புயல் சீறியெழுந்தது” என்று ஒரே தொடராக்கினோம். அமாவாசைதோறும் தம் வீட்டுப் படியிலிருந்து அலை வந்து தொடும் இடம் வரையில் எத்தனை காலடி என்று எண்ணி எழுதியிருந்தார். கட்டுரைக்கு இக்கணக்கு எதற்கென்று அதனையும் நீக்கினோம்.

திருத்திய நோட்டுகளை அவர் இரு கையாலும் வாங்கினார், நெடுநேரம் படித்தார். பின்னர், “வாத்தியாரையா, தமிழ் நல்லாத்தான் இருக்குது. ஆனா இதுல என் காத்தைக் காணலியே” என்றார். நோட்டுகளை எம் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார். அதன்பின் இதழுக்கென ஒரு வரியும் அவர் தந்திலர். ஈராண்டில் காலமானார். அவர் வீட்டில் எஞ்சிய நோட்டுகள் பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்களோடு சேர்ந்து பழைய பேப்பர்காரர் வண்டியில் ஏறின. வீட்டாரை யாம் நோவதெப்படி? அவற்றிற்கு மதிப்பில்லையென்று முதலிற் காட்டியவர் யாமன்றோ?

அன்பர்களே! 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பத்து ஆற்று முகத்தருகே துறைமுகம் கட்டப்பட்டபின், வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டு, நகரக் கரையும் நம் குப்பத்துக் கரையும் அரிக்கப்பட்டன. மணலிருந்த இடத்திற் கருங்கல் வந்தது. வலை உலர்த்திய மணல் எதுவரை இருந்ததென்று எம் மாணாக்கன் ஒருவன் அண்மையில் எம்மை வினவினான். யாம் கற்ற இலக்கணமும் இலக்கியமும் அவனுக்கு விடை தந்தில. அம்முதியவர் காலடிக் கணக்கே விடை தந்தது. நற்பேறாக, சிவப்பு மைக்கு அடியில் அவர் எழுத்து இன்னும் தெரிகின்றது. அம்மூன்று நோட்டுகளையும் ஓரெழுத்தும் மாற்றாது படியெடுத்து, மூலத்தை அவர் வீட்டாரிடமும் படியை நம் சங்கத்திலும் ஒப்படைத்துள்ளோம்.

ஆதலின் உங்களை வேண்டுவன சில. வீட்டிலுள்ள பழைய கணக்கேடு, திருமணச் செலவுக் குறிப்பு, சைகோனிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த கடிதம் ஆகியவற்றை எறிவதற்குமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். எழுத வல்ல முதியோர்க்கு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுங்கள். எழுத்தறியாப் பாட்டிமார் சொல்வதைப் பேரப்பிள்ளைகள், சொன்ன சொல்லிலேயே, நாளிட்டு எழுதட்டும். அரசரைப்பற்றி எழுதப் பலர் உளர்; நம் கரையில் நேற்று எக்காற்று அடித்ததென்று எழுத நம்மையன்றி எவருளர்?

நம் இதழில் திங்கள்தோறும் ஒரு பக்கத்தை இத்தகைய குறிப்புகட்கு ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவை வேண்டுகின்றோம். அப்பக்கத்தை மெய்ப்புப் பார்க்கும் பணியை எமக்குத் தந்தால், அச்சுப் பிழையை மட்டுமே திருத்துவோம் என்று இவ்வவையில் உறுதி கூறுகின்றோம்.