ஐந்நூறு டாலர் போலீஸ் வண்டி

1960-களின் கடைசியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், போலீஸார் ஓட்டித் தேய்த்த ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள்கள் சில ஏலத்துக்கு வந்தன. 1949, 1950, 1952-ஆம் ஆண்டுகளில் தயாரானவை. கனத்த மட்கார்டு, அகலமான சீட், இரண்டு பக்கமும் பெட்டி என்று யானைக்கு அம்பாரி கட்டியது போன்ற உருவம். விலை ஐந்நூறு டாலர். போலீஸ் வண்டியை ஏலத்தில் எடுப்பதென்றால் எந்த ஊரிலும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். எத்தனை பேர் ஓட்டினார்கள், எத்தனை மணி நேரம் எஞ்சினை அணைக்காமல் முச்சந்தியில் நிறுத்திவைத்தார்கள் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்காது.

அப்படி வாங்கிய வண்டிகளிலிருந்து நான்கு மோட்டார் சைக்கிள்கள் உருவாயின. அவற்றில் ஒன்றை, பெயர் தெரியாவிட்டாலும், உலகில் பாதிப் பேர் படத்திலாவது பார்த்திருப்பார்கள். பெட்ரோல் டேங்கில் அமெரிக்கக் கொடி, எங்கோ முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முன்சக்கரம், முதுகுக்குப் பின்னால் வானத்தைப் பார்த்து எழும் கம்பி. 1969-இல் வெளியான ‘ஈஸி ரைடர்’ படத்தில் பீட்டர் ஃபோண்டா ஓட்டிய ‘கேப்டன் அமெரிக்கா’ அது. இந்த வகை வண்டிக்கு ‘சாப்பர்’ என்று பெயர். ‘சாப்’ என்றால் வெட்டுவது. பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது.

வெட்டும் வழக்கம் சினிமாவில் தொடங்கியதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் கலிஃபோர்னியாவில் பழைய ஹார்லிகளை வாங்கினார்கள். வண்டி கனம், வேகம் போதவில்லை. முன் மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். பின் மட்கார்டைப் பாதியில் அறுத்தார்கள். தேவையில்லாத விளக்கு, தட்டு, மூடி எல்லாம் போயின. குதிரைக்கு வாலை நறுக்கியது போல் இருந்ததால் அவற்றுக்கு ‘பாபர்’ என்று பெயர் வந்தது. அதுவரை நடந்தது கழற்றும் வேலைதான். ஸ்பானரும் ரம்பமும் போதும். வண்டியின் எலும்பிலேயே, அதாவது ஃபிரேமிலேயே, கைவைத்தபோதுதான் சாப்பர் பிறந்தது. அங்கே வெல்டிங் தெரிந்தவரும் கணக்குத் தெரிந்தவரும் தேவைப்பட்டார்கள்.

அந்த இரண்டும் தெரிந்தவர் பென் ஹார்டி. லாஸ் ஏஞ்சல்ஸின் தெற்குப் பகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரத்தில் பட்டறை வைத்திருந்தார். அவரோடு சேர்ந்து இந்த வண்டிகளுக்கு வடிவம் கொடுத்தவர் கிளிஃப் வாஸ். அவரும் கறுப்பினத்தவர். வாஸின் கதை தனியாகவே ஒரு படத்துக்குக் காணும். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மாணவர் இயக்கத்தில் புகைப்படக்காரராக இருந்தவர். 1964-இல் மேரிலாந்து மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் ஊரில் தேசியக் காவல் படையினர் அவரைப் பிடித்து இழுக்கும் காட்சியைப் புகைப்படக் கலைஞர் டேனி லயன் படமெடுத்தார். அதே டேனி லயன்தான் 1968-இல் மோட்டார் சைக்கிள் கூட்டத்தாரைப் பற்றிய ‘தி பைக்ரைடர்ஸ்’ புகைப்பட நூலையும் வெளியிட்டார். வாஸ் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் வானொலிச் செய்தியாளர் ஆனார். ஃபோண்டாவின் மீது நடந்த ஒரு வழக்கைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போன இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது.

சரி, பட்டறைக்குள் போவோம். எத்தனையோ வண்டிகள் இருக்க, அந்தப் பழைய போலீஸ் ஹார்லி ஏன்?

ஒரு காரணம் அதன் எஞ்சின். 1948-இல் ஹார்லி நிறுவனம் புது எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் மேல்மூடிகள் வாணலியைக் கவிழ்த்து வைத்தது போல் இருக்கும். அதனால் ஓட்டுநர்கள் அதற்கு ‘பேன்ஹெட்’ என்று செல்லப் பெயர் வைத்தார்கள். பெரிய வகையின் கொள்ளளவு ஏறக்குறைய 1,200 சி.சி. மற்றொரு காரணம் ஃபிரேம். 1949-இல் முன்பக்கம் எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர் வந்துவிட்டது. பின்பக்கம் அது வந்தது 1958-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளின் வண்டிகளில் பின்சக்கரம் நேராக ஃபிரேமில் பூட்டியிருக்கும். சாலையின் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் எழுதப்படும். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் ஹேண்டில்பார் கழுத்திலிருந்து பின்சக்கரத்தின் அச்சு வரை ஒரே சரிவாகக் கோடு இறங்கும். சாப்பர்காரர்கள் மயங்கியது அந்தக் கோட்டில்.

கிடப்பில் கிடந்த எந்தப் பழைய வண்டியானாலும் முதல் வேலை அழகுபடுத்துவது அல்ல. எஞ்சின் ஜாம் ஆகியிருக்கும். ஆத்திரத்தில் கிக்கரை மிதித்தால் பிஸ்டன் வளையம் உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். கார்பரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். டேங்குக்குள் துரு. அதற்குள் ஒரு பிடி நட்டு போல்டைப் போட்டுக் குலுக்குவது நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த பழைய வித்தை. ஒயரிங் முழுவதையும் மாற்றியே தீர வேண்டும். அந்தக் கால ஹார்லிகள் 6 வோல்ட்டில் ஓடியவை. முகப்பு விளக்கு மெழுகுவர்த்திக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் பொறுமை இருந்தால் நடக்கும். கழுத்தை வெட்டும்போதுதான் கை நடுங்கும்.

ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது அதன் சக்கரத்தைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சக்கரம் எப்போதும் தன் சுழல் ஆணிக்குச் சற்றுப் பின்னால்தான் வரும். அதனால்தான் தள்ளுகிற பக்கம் நேராகப் போகிறது. மோட்டார் சைக்கிளிலும் அதே தத்துவம். ஹேண்டில்பார் திரும்பும் அச்சை நேர்கோடாகத் தரைவரை நீட்டினால், அது தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் டயர் தரையில் பதிய வேண்டும். இந்த இடைவெளிக்கு ‘ட்ரெயில்’ என்று பெயர். முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் ‘ரேக்’. அந்தக் கால ஹார்லியில் ரேக் சுமார் 30 டிகிரி.

ஃபோர்க்கை நீளமாக்கினால் முன்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். வண்டியைக் கீழே கொண்டுவர, ஃபிரேமின் கழுத்தை அறுத்து, கோணத்தை அதிகமாக்கி மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். கோணம் கூடக் கூட ட்ரெயிலும் கூடும். நெடுஞ்சாலையில் வண்டி ரயில் போல நேராகப் போகும். ஆனால் சந்து முனையில் திருப்பும்போது முன்சக்கரம் பொத்தென்று ஒரு பக்கம் சாயும். சிலர் குறுக்கு வழியாக ஃபிரேமைத் தொடாமல், ஃபோர்க் குழாய்களைக் கவ்விப் பிடிக்கும் தகடுகளை மட்டும் சாய்த்து வார்த்துப் பொருத்துவார்கள். பார்வைக்கு அதே நீட்டல்தான். ஆனால் அப்படிச் செய்தால் ட்ரெயில் கூடாது, குறையும். கணக்குத் தப்பினால் வேகத்தில் ஹேண்டில்பார் கையை உதறிவிடும். படத்தைப் பார்த்து வண்டி செய்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் விழுந்தார்கள். நிஜமாகவே, சாலையில்.

கேப்டன் அமெரிக்காவின் 21 அங்குல ஒல்லி முன்சக்கரத்தில் பிரேக்கும் கிடையாது. பின் பிரேக் ஒன்றே துணை. மோட்டார் சைக்கிளை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான் என்று தெரிந்தவர்கள், கோடு சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதை விட்டுவிட்டார்கள். அழகான முடிவு, அறிவான முடிவு என்று சொல்ல முடியாது. பெட்ரோல் டேங்கோ வேர்க்கடலை அளவு. அமெரிக்காவின் குறுக்கே பயணம் போகிறவன் அந்த டேங்கை நம்பினால் பங்க் பங்காக ஏறி இறங்க வேண்டியதுதான். போதாததற்குக் கதையில் அந்த டேங்குக்குள்தான் பணத்தையும் ஒளித்து வைக்கிறார்கள்!

ஃபிரேமுக்கு குரோம் முலாம் பூசினார்கள். பெயின்ட் அடித்தால் வெல்டிங் குறைகளை மறைக்கலாம். குரோம் கண்ணாடி மாதிரி, சின்ன மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். அரத்தால் தேய்த்துச் சமமாக்கிவிட்டுத்தான் முலாமுக்கு அனுப்ப வேண்டும். அதிகம் தேய்த்தால் ஒட்டிய இடம் பலவீனமாகும். ஹார்டியின் கைத்திறனுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த அறுவைச் சிகிச்சைக்கு அன்றைய அமெரிக்காவில் ஒரு வசதி இருந்தது. 1969 வரை ஹார்லி வண்டிகளின் அடையாள எண் எஞ்சினில்தான் பொறிக்கப்பட்டது, ஃபிரேமில் கிடையாது. ஃபிரேமை அறுக்கலாம், மாற்றலாம், எஞ்சின் எண் இருந்தால் வண்டி அதே வண்டி. நம் ஊரில் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணோடு சேஸிஸ் எண்ணும் உண்டு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. பழைய புல்லட்டை வைத்துக்கொண்டு கனவு காண்பவர்கள் வெல்டரைப் பார்ப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவிலும் இன்று நிலைமை மாறிவிட்டது. வெட்டுப்படாத பேன்ஹெட் ஃபிரேமுக்கு இப்போது தனி மதிப்பு. விவரம் தெரிந்தவர்கள் அசலைத் துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, புதிதாகச் செய்த நகல் ஃபிரேமில் சாப்பர் கட்டுகிறார்கள்.

படம் வந்தது, ஓடியது, ஊரெங்கும் முன்சக்கரங்கள் நீண்டன. திரையில் ஓடிய பெயர்ப் பட்டியலில் ஹார்டியும் இல்லை, வாஸும் இல்லை. வாஸ் படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே குழுவிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். வண்டியை வடிவமைத்தது ஃபோண்டா என்றே பல ஆண்டுகள் உலகம் நம்பியது. இரண்டு கறுப்பின மெக்கானிக்குகளின் வேலை அது என்பது பொதுவெளியில் பரவலாகப் பேசப்பட்டபோது நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன. வாஸ் 2016-இல் காலமானார். ஹார்டி அதற்கு முன்பே போய்விட்டார்.

நான்கு வண்டிகள் என்னவாயின? ஒன்று படத்தின் கடைசிக் காட்சியில் சிதைந்தது. அதன் மிச்சத்தை வைத்து, படப்பிடிப்பில் வண்டிகளைக் கவனித்துக்கொண்ட நடிகர் டான் ஹேகர்ட்டி மறுபடி ஒன்றைக் கட்டினார். 2014-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஏலத்தில் ‘அசல் கேப்டன் அமெரிக்கா’ என்று ஒரு வண்டி 13.5 லட்சம் டாலருக்குக் கேட்கப்பட்டது. அசல் என்று உரிமை கொண்டாடும் வண்டி இன்னொன்றும் இருந்ததால், எது உண்மை என்ற சண்டையும் உடன் வந்தது.

மற்ற மூன்றும் படம் திரைக்கு வருவதற்கு முன்பே திருடு போயின. திருடியவர்களுக்கு அவை நல்ல எஞ்சின் உள்ள மூன்று சாப்பர்கள், அவ்வளவுதான். பிரித்து, உறுப்பு உறுப்பாக விற்றிருப்பார்கள். வாணலி மூடி போட்ட ஏதோ ஒரு பழைய போலீஸ் எஞ்சின், கலிஃபோர்னியாவில் யாரோ ஒருவருடைய வண்டியில் இன்னும் எண்ணெய் கசிந்துகொண்டு ஓடிக்கொண்டிருக்கலாம்.